முன்னால் போகும் முதுகு

பதினொரு வருஷம் உன் முதுகைப் பார்த்தே ஓடினேன், ஒச்சம்மா.
உன் முகம் எப்படி என்று யாராவது கேட்டால்
கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.
முதுகைக் கேட்டால் சொல்வேன்:
இடது தோள் ஒரு விரற்கடை தாழ்வு,
கழுத்துக்குக் கீழே மிளகளவு மச்சம்,
இருபதாவது கிலோமீட்டரில் பனியனில் படரும் ஈரம்
முதலில் இலங்கை, பிறகு இந்தியா.

காலை நாலு மணி, ஒத்தக்கடை.
மாட்டுத்தாவணிக்குப் போகும் வெங்காய லாரி
எதிரில் வரும்போதெல்லாம்
உன் நிழல் நீண்டு என்மேல் விழும்.
யானைமலை அப்படியே படுத்திருக்கும்.
பைக்கை மெதுவாக்கி "எங்கம்மா அவசரம்" என்றவனுக்கு
நீ கிலோமீட்டருக்குப் பத்து நொடி குறைத்துப் பதில் சொன்னாய்.
நான் கெட்ட வார்த்தை சொன்னேன்.
மூச்சு வீணானது எனக்குத்தான்.

உனக்கு ரயில்வே, எனக்குத் தபால்துறை.
விளையாட்டுக் கோட்டாவில் வந்தவள் என்று
இரண்டு இடத்திலும் நாற்காலியைத் தள்ளியே போட்டார்கள்.
ரத்தத்தில் இரும்பு குறைவென்று காகிதம் வந்த வாரம்
ரேஸ்கோர்ஸ் படிக்கட்டில் உட்கார்ந்து
ஒரு கட்டு முருங்கைக்கீரையை ஆளுக்குப் பாதி ஆய்ந்தோம்.
கறுத்து விழுந்த கால்நகங்களை
நீ தீப்பெட்டியில் போட்டு வைத்தாய்.
ஒன்பது நகம். எதற்கடி என்றேன்.
"மெடலையெல்லாம் அண்ணன் உசிலம்பட்டிக்குத் தூக்கிட்டுப் போயிர்றான்.
இது என்னுது."

ஏழு மாதம் உனக்குத் தூரம் வரவில்லை.
உன் அம்மா ஜோசியரிடம் போனாள்.
டாக்டரம்மா "சாப்பிடு" என்றாள்.
கோச் "நல்லதுதானே" என்றார்.
அன்றைக்கு மட்டும்
அவர் விசிலைப் பிடுங்கி வைகையில் எறியத் தோன்றியது.
வைகையில் தண்ணீர் இல்லை, விட்டுவிட்டேன்.

வடக்கே ஒருவன் மைக்கில் உன்னை "உச்சமா" என்றான்.
தப்பில்லை, சரியாத்தான் சொல்றான் என்றாய்.
இரண்டு மணி முப்பத்தைந்து நிமிஷம் உன் நேரம்.
அதற்குப் பின்னால் நாற்பது நொடி
என் நேரம், எப்போதும்.

பிறகு அந்தக் கடற்கரை நகரம்.
முப்பத்தெட்டாவது கிலோமீட்டர்.
பாலத்தோரம் நீ குனிந்து நின்றாய்,
முழங்காலில் இரண்டு கை, தரையில் பச்சையாய் வாந்தி.
தாண்டும்போது முகத்தைத் தூக்கினாய்.
இவ்வளவு சின்ன முகமா உனக்கு?
"போடி சகாயம். நிக்காத."

போனேன்.
முன்னால் ஒன்றுமில்லை.
கடிகாரம் சுமந்த ஒரு வண்டி, வெறும் தார்.
எங்கே இழுக்க, எங்கே விட,
எல்லாம் உன் முதுகில் படித்தவள் நான்.
நாலு கிலோமீட்டரும்
எழுத்துத் தெரியாதவள் போல ஓடினேன்.
கடைசி நூற்றுத் தொண்ணூற்றைந்து மீட்டரில்
இரண்டு பேர் தாண்டிப் போனார்கள்.
அந்த முதுகுகள் எனக்குப் பாடமில்லை.

வெண்கலத்தோடு வந்து தேடினேன்,
ஆம்புலன்ஸ் புறப்பட்டிருந்தது.
இடுப்பெலும்பில் விரிசல் என்றார்கள்.
அப்புறம் நீ வரவில்லை.
நானும் வந்து பார்க்கவில்லை,
அதை எப்படிச் சொன்னாலும் அப்படித்தான்.

போன மாதம் வைகை எக்ஸ்பிரஸ்.
கறுப்புக் கோட்டில் ஒரு கை டிக்கெட் கேட்டது.
பெயரைப் படித்தாய். வயதைப் படித்தாய்.
"முப்பத்தாறா ஆச்சு?"
பேனாவால் ஒரு கோடு.
"இன்னும் ஓடுறியா?"
"ஓடுறேன்."
"முன்னால யாரு?"

சோழவந்தான் கடந்தது.
நான் வாயைத் திறப்பதற்குள்
அடுத்த வரிசைக்கு நகர்ந்திருந்தாய்.
ஆடுகிற பெட்டியில் எதையும் பிடிக்காமல்,
இடது தோள் ஒரு விரற்கடை தாழ,
காலருக்கு மேலே அந்த மிளகு.

இருக்கைக்கு அடியில்
என் கால்கள் எண்ணத் தொடங்கின.